பழைய நகரில் ஓர் அறை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழம்பெரும் நகரம் ஒன்று உயிரோடிருக்க எது தேவை என்னும் கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். ஸ்பெயின் நாட்டின் சாலமான்கா நகரையே எடுத்துக்கொள்வோம். 1218-இல் தோன்றிய பல்கலைக்கழகமும், 1729-இல் தொடங்கி 1755-இல் கட்டி முடிக்கப்பெற்ற பெருஞ்சதுக்கமும் அங்கே உள்ளன. அருகிலுள்ள வில்லாமயோரில் வெட்டியெடுத்த கல், காலம் செல்லச் செல்லப் பொன்னிறம் கொள்ளும். அப்பழைய நகரை 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அந்நகரின் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் சிற்றறை ஒன்றை அலுவலகமாக வாடகைக்கு எடுப்பதாகக் கொள்வோம். முகப்பில் பெயர்ப்பலகை மாட்டவும் சன்னலை மாற்றவும் அவர் நகராட்சியின் இசைவைப் பெற வேண்டும். அது முறையே. ஆனால் அந்தக் கல்லுக்கு உள்ள காப்பு அவருக்கு இல்லை.

1994-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வீட்டையும் அலுவலகத்தையும் வேறுவேறாகப் பிரிக்கிறது. அச்சட்டம் இன்றுள்ள வடிவில், தனியொருவரின் வீட்டில் குடியிருப்பவர் விரும்பினால் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். அலுவலகத்திற்கு அத்தகைய குறைந்தபட்சக் காலம் இல்லை; இருவரும் எழுதிக்கொண்டதே முடிவு. பிணைத்தொகையோ வீட்டிற்கு ஒரு மாத வாடகை, அலுவலகத்திற்கு இரண்டு மாத வாடகை. பொதுமக்களுக்கு 5 ஆண்டுகள் விற்பனை செய்த கடைக்காரர், காலம் முடிந்து வெளியேறும்போது சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு இழப்பீடு கோரலாம். அந்த உரிமையையும் ஒப்பந்தத்தில் விலக்கிவிட முடியும். நம் மொழிபெயர்ப்பாளருக்கு அதுவும் கிட்டாது.

முன்பு நிலைமை நேர்மாறாக இருந்தது. 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் முடிந்த பின்னும் வாடகைதாரர் விரும்பும்வரை குத்தகை நீண்டது. 1985-இல் வந்த ஆணை புதிய ஒப்பந்தங்களுக்கு அக்கட்டாயத்தை நீக்கியது. பழைய ஒப்பந்தங்களுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு விதித்தது. நிறுவனங்களின் பெயரிலிருந்த பழைய கடை வாடகைகள் பலவற்றுக்கு அக்கெடு 2014 இறுதியோடு முடிந்தது. சந்தை வாடகை தர இயலாத பழங்கடைகள் பல நகரங்களில் மூடப்பெற்றன.

இதில் உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. அற்ப வாடகையைக் கொண்டு கூரையைச் செப்பனிட முடியுமா? உறைந்துபோன வாடகை கட்டடத்தை அரித்தது. கட்டற்ற வாடகையோ அதனுள் நடக்கும் தொழிலைப் பெயர்க்கிறது. பராமரிப்புக்குப் போதுமான வாடகை, தொழில் வேரூன்றப் போதுமான காலம் ஆகிய இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதுவதே நடுவழி என்பது என் கருத்து.

சாலமான்காவின் சதுக்கத்தில் 1905-இல் தொடங்கிய நோவெல்ட்டி என்னும் காப்பிக்கடை உண்டு. எழுத்தாளர் உனாமுனோ நண்பர்களோடு அமர்ந்து உரையாடிய இடம் அது. அத்தகைய உரையாடல் வட்டம் ஒரே நாளில் அமைவதில்லை. பக்கத்துத் தெருக்களில் ஆண்டுக்கணக்காகப் பணிபுரிவோர் மாலையில் வந்து கூடுவதால் அமைவது. பத்தாண்டுகள் தொடர்ந்து கூடிய இந்த அவைக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. அறையில் இருப்போர் ஆண்டுதோறும் மாறினால், பொன்னிறக் கல் மட்டும் எஞ்சும், ஊர் எஞ்சாது.