பூட்டின் சாவி யார் கையில்?

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஆலைகளில் இயந்திரப் பராமரிப்புப் பணி செய்யும் தமிழ் பேசும் தொழிலாளர்களுக்கான மின்பாதுகாப்பு வகுப்பைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரை)

தோழர்களே,

‘லாக்-அவுட்’ என்ற சொல்லைக் கேட்டாலே தொழிற்சங்கத் தோழர்களுக்குக் கோபம் வரும். முதலாளி ஆலைக் கதவைப் பூட்டித் தொழிலாளியைத் தெருவில் நிறுத்துவதுதான் நாம் அறிந்த லாக்-அவுட். இன்று பேச வந்திருப்பது வேறொரு லாக்-அவுட் பற்றி. பழுது பார்க்கப் போகும் தொழிலாளி, இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, அந்தச் சுவிட்சின்மீது தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்கும் அதே பெயர்தான். எவருடைய கை இயந்திரத்துக்குள் இருக்கிறதோ, அவரிடமே சாவி இருக்க வேண்டும். இந்த வகுப்பின் சாரம் இதுதான்.

நாம் கூடியிருக்கும் இந்த வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள். நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறிகள். ரேணிகுண்டாவிலும் ஏர்ப்பேட்டிலும் தொழிற்பேட்டைகள். சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் சென்றன. எல்லைக் கோடு நகர்ந்தாலும் மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். இன்றும் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கத்திலிருந்து தொழிலாளர்கள் இந்த ஆலைகளுக்கு வருகிறார்கள். ஒரே இயந்திரத்தின் அருகில் தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் மூவர் நிற்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

இயந்திரத்தை இயக்குகிறவருக்கு மூடியும் வேலியும் காப்பாக உண்டு. பராமரிப்புத் தொழிலாளி அந்த மூடியைக் கழற்றிவிட்டுத்தான் தன் வேலையையே தொடங்குகிறார். ஆகவே அவருக்கு எஞ்சியுள்ள ஒரே காப்பு, ஆற்றல் முழுவதும் துண்டிக்கப்பட்டிருப்பதுதான். ஆனால் உற்பத்தி நின்றிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நிர்வாகத்தின் கணக்கில் இழப்பு. எனவே, ‘ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடு’ என்ற நெருக்கடி அவர்மீது விழுகிறது. இது புதிதல்ல. ஓடும் இயந்திரத்தைத் துடைக்கச் செய்ததால் நேர்ந்த விபத்துகளை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளிலிருந்தே எடுத்துக்காட்டினார். துடைக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது என்பதால் தொழிலாளர்கள் அதை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவசரத்தின் வேர் மாறவில்லை.

மாம்பழப் பருவத்தில் ஒரு கூழ் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். தரை முழுக்க ஈரம். மின்தடை வருகிறது, கன்வேயர் நிற்கிறது. ‘இதுதான் சமயம்’ என்று ஒருவர் சிக்கிய பழத்தை எடுக்கக் கையை உள்ளே விடுகிறார். அடுத்த சில நொடிகளில் ஜெனரேட்டர் தானாகவே எடுத்துக்கொள்கிறது. நின்ற இயந்திரம் வேறு, பூட்டிய இயந்திரம் வேறு. சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினாலும் இயந்திரம் நிற்குமே தவிர, பேனலுக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே முறையை வரிசையாக மனத்தில் நிறுத்துங்கள். முதலில், அந்த இயந்திரத்துக்கு எங்கிருந்தெல்லாம் ஆற்றல் வருகிறது என்று கண்டறிய வேண்டும். மின்வாரிய இணைப்பு, ஜெனரேட்டர், யூபிஎஸ் எல்லாமே இதில் அடங்கும். இரண்டாவது, அருகிலுள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தி, மெயின் ஐசொலேட்டரைத் துண்டிக்க வேண்டும். மூன்றாவது, பூட்டுப் போட்டு, யார், எப்போது, எதற்காகப் பூட்டினார் என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். நால்வர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள். கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும் வரை மின்சாரம் வரக்கூடாது. நான்காவது, தேங்கிய ஆற்றலை வெளியேற்ற வேண்டும். கெப்பாசிட்டரும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் மின்சாரம் துண்டித்த பின்பும் பல நிமிடங்கள் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அதன்மீதே எழுதப்பட்டிருக்கும். காற்றழுத்தம், எண்ணெய் அழுத்தம், தூக்கி நிறுத்திய பளு ஆகியவையும் தேங்கிய ஆற்றலே. ஐந்தாவது, சோதிக்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதாலேயே மின்சாரம் இல்லை என்று பொருளல்ல. டெஸ்டரே பழுதாகியிருக்கலாம். எனவே தகுந்த அளவீட்டுக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில், பின்னர் மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில். இந்த மூன்று சோதனைக்குப் பிறகே கை வைக்க வேண்டும்.

‘சாதாரண ஷாக்தானே’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும். ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிவதற்கே அதைப்போல் இரண்டரை மடங்கு மின்சாரம் செல்கிறது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்போர் அண்மை ஆண்டுகளின் அரசுப் பதிவுகளின்படியே ஆண்டுக்கு 12,000-க்கும் அதிகம்.

இந்தப் பூட்டு முறை நிர்வாகங்களின் கருணையால் வந்ததல்ல. அமெரிக்காவின் ஐக்கிய மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் 1979-இலேயே இதைக் கட்டாய விதியாக்கக் கோரி அரசிடம் மனுக் கொடுத்தது. விதி வந்தது 1989-இல். 1973 முதல் 1995 வரை பணியில் இறந்த தன் உறுப்பினர்கள் 414 பேரின் மரணங்களை அந்தச் சங்கமே ஆராய்ந்தது. அவற்றில் 83 மரணங்கள், அதாவது ஐந்தில் ஒன்று, ஆற்றலை முறையாகத் துண்டித்துப் பூட்டாததால் நேர்ந்தவை என்று கண்டது. தம் தோழர்களின் சாவை எண்ணிக் கணக்கிட்டு, அந்தக் கணக்கையே போராட்டக் கருவியாக்கினார்கள்.

நம் நாட்டிலும் பூட்டு சட்டத்தில் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 24-ஆவது பிரிவில், தானாக நகர்ந்து இயங்கிவிடக்கூடிய மின்துண்டிப்புச் சாதனத்தைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்றது. சாவி யாரிடம் என்று அது சொல்லவில்லை. 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 111-ஏ பிரிவு, பாதுகாப்பு பற்றிய தகவலையும் பயிற்சியையும் தொழிலாளியின் உரிமையாக்கியது. இப்போது அச்சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது 20 பேர் என்று உயர்த்தப்பட்டுள்ளது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு விசைத்தறிக் கூடம் இந்த வரையறைக்கு வெளியே போய்விடுகிறது. ஆய்வாளர் என்ற பெயரோடு ‘வசதி செய்து தருபவர்’ என்பதும் ஒட்டப்பட்டுள்ளது. யாருக்கு வசதி என்று நாம் கேட்க வேண்டும்.

விதி தளரும்போது என்ன நேரும் என்பதற்கு ஆந்திரத்திலேயே சான்றுகள் உண்டு. 2018 ஜூலையில் தாடிபத்ரி உருக்காலையில் பராமரிப்புப் பணியை ஒட்டிக் கார்பன் மோனாக்சைடு கசிந்து 6 தொழிலாளர்கள் மாண்டனர். 2020 ஆகஸ்டில் பூதலப்பட்டு மண்டலத்துப் பால் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2024 ஆகஸ்டில் அச்சுதாபுரம் மருந்து ஆலை வெடிவிபத்தில் 17 உயிர்கள் போயின. இவை மின்தாக்குதலால் நேர்ந்த விபத்துகள் அல்ல. ஆயினும் அடைத்து வைக்க வேண்டிய ஆற்றல் அடைபடாமல் இருந்தது இவை மூன்றுக்கும் பொது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. பயிற்சிதான் அறிவிக்கப்படுவதில்லை.

தோழர்களே, நிரந்தரத் தொழிலாளிக்குக் கையுறையும் பயிற்சியும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு கையெழுத்துத் தாளும் என்ற நிலை பல ஆலைகளில் நிலவுகிறது. ஆபத்தான பேனலின் முன் அனுப்பப்படுவது பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியே. எனவே நம் கோரிக்கைகள் நான்கு. பராமரிப்புப் பணி செய்யும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சியாளருக்கும் சேர்த்து, சொந்தப் பூட்டும் ஒரே சாவியும் தர வேண்டும். பயிற்சி வேலை நேரத்திலேயே, கூலியுடன், தொழிலாளியின் தாய்மொழியில் நடக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தேர்ந்தெடுத்தவர்கள் அமர வேண்டும். பூட்டாத இயந்திரத்தில் கை வைக்க மறுத்தவர்மீது எந்த நடவடிக்கையும் கூடாது.

இறுதியாக ஒன்று. தமிழில் பூட்டு, தெலுங்கில் தாளம், இந்தியில் தாலா. வகுப்பு முடிந்து நாளை ஷிப்டுக்குப் போகும்போது, அருகில் நிற்கும் தோழருக்கு அவர் மொழியில் இதைச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் பூட்டு தொங்கும் சுவிட்சை அவர் தொடமாட்டார், அவருடையதை நீங்கள் தொடமாட்டீர்கள் என்ற உறுதியிலிருந்துதான் சங்கம் வளரும். தனியொருவர் ‘பூட்டாமல் தொடமாட்டேன்’ என்றால் அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஷிப்டு முழுவதும் ஒன்றாகச் சொன்னால் நிர்வாகம் பூட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.