எது அதிகமோ அது

சிங்கப்பூர்க் கடைத்தொகுதிகளில் சிறு வியாபாரிகள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தங்களில் முன்பெல்லாம் ஒரு வரி அடிக்கடி தென்பட்டது: நிலையான வாடகை அல்லது விற்பனையில் ஒரு பங்கு, எது அதிகமோ அதைத் தர வேண்டும். வியாபாரம் படுத்தாலும் உரிமையாளருக்கு வாடகை குறையாது, சூடுபிடித்தால் பங்கு. நல்ல ஏற்பாடுதான், ஒரு பக்கத்துக்கு!

கோவிட் காலத்தில் கடைகள் வெறிச்சோடியபோது இந்த ஏற்பாட்டுக்கு எதிரான பேச்சு வலுத்தது. 2023இல் நாடாளுமன்றம் சில்லறைக் கடைகளின் குத்தகைக்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2024 பிப்ரவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட புதிய ஒப்பந்தங்களில் வாடகையை ஒரே முறையில்தான் கணக்கிட வேண்டும். விலகிப்போக வழி உண்டு: இருதரப்பும் சம்மதித்து, இதற்கான குழுவிடம் கூட்டாக அறிவிக்கலாம். நல்ல இடம் கைநழுவுமோ என்று பயப்படும் சின்னக் கடைக்காரர் அந்தச் சம்மதத்தை எப்படி மறுப்பார் என்பதுதான் எனக்கு இன்னும் சந்தேகம்.