மாடியில் நிற்கும் சைக்கிள்கள்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தெருவில் என்னைச் 'சைக்கிள் பைத்தியம்' என்கிறார்கள். இருக்கட்டும். ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலைக்கு அரைமணி நேரத்தில் மிதித்தே போய்விடுகிறேன். வீட்டில் மூன்று சைக்கிள்கள். ஒன்று கியர் வைத்தது. ஒன்று அத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிள். அரிசி மூட்டை இன்றும் அதில்தான் வருகிறது. மூன்றாவது அம்மாவுடையது.

1991-92இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அதோடு சேர்த்தார். பல்லாயிரம் பெண்கள் பழகினார்கள். நம் சமுதாயப் பெண்களும் அதில் உண்டு, அம்மா ஒருவர். ஊர் பேசாமல் இருக்குமா? அத்தாவே ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் எனக்குக் கடும் காய்ச்சல். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அம்மாதான் என்னைப் பின்னால் உட்காரவைத்து டாக்டர் வீடுவரை மிதித்தார். மறுநாள் காலையில் அத்தா அந்த சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எதற்கு இந்தக் கதை என்றால், போன மாதம் நம் பகுதிப் பிள்ளை ஒருத்தி தினமும் நான்கு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு. மழை வந்தால் லீவு. அரசு கொடுத்த சைக்கிள் எட்டு மாதமாக மொட்டைமாடியில். "டயர் போச்சு" என்றார்கள். கழற்றிப் பார்த்தால் டயரும் டியூபும் நன்றாக இருக்கின்றன. வால்வில் மாட்டும் சின்ன ரப்பர், அந்த வால்டியூப், காய்ந்து வெடித்திருந்தது. ஒரு டீ விலைகூட ஆகாது. ஐந்து நிமிட வேலை. அந்த எட்டு மாதத்தை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

பெரியவர்கள் முழங்கால் வலி என்று விட்டுவிடுகிறார்கள். பல பேருக்கு சீட் தாழ்வாக இருப்பதுதான் கோளாறு. பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கினால் போதும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இந்த முற்றத்துக்கு, மாடியில் நிற்பதை இறக்கிக் கொண்டுவாருங்கள். பம்பு, ஸ்பானர், வால்டியூப் எல்லாம் என் பொறுப்பு. பழக விரும்பும் பெண்பிள்ளைகளுக்கு அம்மாவின் சைக்கிள் இருக்கும். பின்னால் பிடித்துக்கொள்ள அம்மாவும் வருகிறார்.