கணக்கைக் கையில் கொடுப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினபோது, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பிறகு இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து அம்மாமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைக்குக் கணக்கு வர என்ன சாமான் வாங்கணும்?"

கடையில் கலர் கலராக மணிச்சட்டம், பிளாஸ்டிக் கட்டை எல்லாம் இருக்கு. வாங்குவது தப்பில்லை. வாங்கும் முன் ஒன்று மட்டும் பாருங்கள்: பிள்ளை தன் கையால் சேர்க்கவும் பிரிக்கவும் அதில் முடியுமா? முடிந்தால் அது நல்ல சாமான். அப்படிப்பட்டது நம் வீட்டிலேயே நிறைய இருக்கு.

52-இல் 27 போனால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிடும். "பக்கத்தில் கடன் வாங்கு" என்று நாமும் சொல்லிக்கொடுக்கிறோம். கடன் என்றால் நமக்குத் தெரியாதா? வாங்கினால் திருப்பிக் கட்டணும். இந்தக் கணக்கில் யாரும் திருப்பிக் கட்டுவதே இல்லையே! உண்மையில் அது கடன் இல்லை, சில்லறை மாற்றுவது.

விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடச் சொல்லுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி: அதுதான் 52. ஒரு கட்டை அவிழ்த்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. அதில் இரண்டு கட்டும் ஏழு உதிரியும் எடுத்தால் மீதி 25. பத்து ரூபாய், ஒரு ரூபாய்க் காசை வைத்தும் இதையே செய்யலாம்.

வாய்ப்பாட்டுக்குப் பல்லாங்குழி. ஒரு பக்கம் ஏழு குழி, குழிக்கு ஐந்து முத்து. ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணிக்கொண்டே போனால் ஏழாவது குழியில் 35 வந்துவிடும்.

பின்னத்துக்குப் படி. இரண்டை விட நான்கு பெரிசு, அதனால் அரையை விடக் கால்தான் பெரிசு என்று பிள்ளை நினைக்கும். கால்படி அரிசியை இரண்டு தரம் அளந்து அரைப்படியில் கொட்டச் சொல்லுங்கள். நாம் விளக்கவே வேண்டாம்.

இரண்டு விஷயம் கவனம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் முத்து, காசு எல்லாம் எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்; வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். அப்புறம், பிள்ளை தடுமாறினால் குச்சியைப் பிடுங்கி நாம் செய்துகாட்டக் கூடாது. கை பழகட்டும். பழகினதும் அதையே படமாகப் போடட்டும், பிறகு எண்ணாக எழுதட்டும். குச்சி தானாகவே தேவைப்படாமல் போகும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? வட்டிக்காரர் எழுதின கணக்கைச் சரிபார்க்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த வீடுகளில் இருந்து வந்தவர்கள்தானே நம்மில் பலர்? அந்த நிலை நம் பெண் பிள்ளைகளுக்கு வேண்டாம். இந்த மாதக் கூட்டம் முடிந்ததும் உங்கள் பாஸ்புக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். "5,000 கடனில் 1,500 கட்டியாச்சு, மீதி எவ்வளவும்மா?" என்று கேளுங்கள். குச்சியில் கட்டு அவிழ்த்துப் பழகின பிள்ளை ஆயிரத்தையும் அவிழ்க்கும்.