மர்மப் படத்தின் முதற்காட்சி



தோட்டப்புறப் பிள்ளைகள் சிலர் இன்று கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். பள்ளிப் போட்டிக்காக எடுப்பவர் உண்டு. கல்லூரியில் பாடமாகவே எடுப்பவர் உண்டு. வெறும் ஆசைக்காக எடுப்பவரும் உண்டு. "படிக்கிற வேளையில் இது என்ன கூத்து?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், ஒரே ஒரு காட்சியை ஒழுங்காகத் திட்டமிடுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று பார்த்துவிட்டால், அதைக் கூத்து என்று தள்ள மனம் வராது. ஆகவே, மாணவர்கள் எடுக்கும் மர்மப் படம் ஒன்றின் முதற்காட்சியை, அதிலும் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும், இன்று எடுத்துக்கொள்வோம். பெற்றோரும் கூட இருந்து கேளுங்கள். இதற்கு வேண்டிய பல செய்திகள் உங்களிடந்தான் இருக்கின்றன.

மர்மப் படம் என்றதும் பிள்ளைகளின் மனத்தில் முதலில் வருவது என்ன? பாராங் கத்தியோடு நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவன் இரத்தத்தில் கிடப்பான். இது வேண்டாம் என்பேன். நம் பையன்கள் என்றாலே குண்டர் கும்பல்தான் என்று நினைப்பவர்கள் இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுடைய நினைப்புக்கு நாமே படம் பிடித்துக் கொடுப்பானேன்? அது ஒரு புறமிருக்க, ஓடுகிறவன் யார், விழுந்தவன் யார் என்று தெரியாதபோது பார்ப்பவருக்கு அச்சம் வருவதில்லை. சத்தந்தான் கேட்கும். துப்பாக்கி வைத்து எடுக்கலாமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: துப்பாக்கியைப் போலத் தோன்றும் போலிப் பொருளை அனுமதியின்றி வைத்திருப்பதே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். படத்துக்காகத்தான் என்று பிறகு சொல்லித் தப்ப முடியாது.

துப்பாக்கி வெடிப்பதோடு தொடங்கிய நல்ல படமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1954இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' அப்படிப்பட்ட படம். வீணைக் கலைஞராகவும் பேர் பெற்ற எஸ். பாலசந்தர் அதை இயக்கினார். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. அந்தக் காலத்தில் அது பெருந்துணிச்சல். கதை நடப்பது 1943இல், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில். படம் தொடங்கிய உடனே வெடிச்சத்தம். வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு விழுகிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன்! கதாநாயகனையே தொடக்கத்தில் சாய்த்துவிட்டார்கள். அவரைச் சுட்டது யார் என்பதை மட்டும் காட்டவில்லை. அந்த ஒரு கேள்வி கடைசி வரையில் நம்மை உட்கார வைக்கிறது. அங்கே வேலை செய்வது துப்பாக்கியன்று; மறைத்து வைத்த முகம்.

ஆகவே, தம்பி தங்கையரே, கைப்பேசியைத் தொடுமுன் ஒரு தாளை எடுங்கள். இரண்டு நிமிடம் முடியும்போது பார்ப்பவர் மனத்தில் எந்தக் கேள்வி நிற்க வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு வரி தேவைப்பட்டால் கதை இன்னும் கனியவில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கேள்வியை நான் தருகிறேன்: "அந்தப் பெண் எங்கே போனாள்?"

இடம் ரப்பர்க் காடு. விடியுமுன், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மூன்று பெண்கள் மரம் சீவுகிறார்கள். முதல் 20 விநாடி, தொலைவிலிருந்து பார்க்கிறோம்; இருட்டில் மூன்று விளக்குகள் மட்டும் மரத்துக்கு மரம் நகர்கின்றன. அடுத்த 30 விநாடி, ஒருத்தியின் கைக்கு அருகே போகிறோம். உளி ஓடுகிறது, வெள்ளைக் கோடு இறங்குகிறது. தூரத்து நிரையிலிருந்து ஒரு குரல்: "முடிஞ்சிருச்சா புள்ள?" இவள் சொல்கிறாள்: "இன்னும் நாலு மரந்தான் அக்கா." இந்த இரண்டு வாக்கியம் போதும், அவள் யார், என்ன வேலை, யாரோடு வந்தாள் எல்லாம் தெரிந்துவிட்டது. பிறகு 20 விநாடி, அவள் ஏதோ கேட்டுத் திரும்புகிறாள். விளக்கொளி ஒவ்வொரு மரமாகத் தடவிப் போகிறது. ஒன்றுமில்லை. அடுத்த 20 விநாடி, முதலில் கைப்பேசி இருந்த அதே இடம், அதே கோணம். இப்போது விளக்கு இரண்டுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பார்ப்பவரே எண்ணிக்கொள்ளட்டும். கடைசி 30 விநாடி, அக்கா அந்த மரத்தடிக்கு வந்து நிற்கிறாள். வாளி கவிழவில்லை. சீவிய கோடு பாதியில் நிற்கிறது. பால் மட்டும் மங்கில் சொட்டிக்கொண்டிருக்கிறது. படத்தின் பெயர் இங்கே வரலாம்.

ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஆனாலும் வயிற்றைப் பிசையும்.

பெற்றோர் துணை இங்கேதான் வேண்டும். உளி இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கச் சரிவுக்கு ஓடும் என்பதும், கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்த பிறகே சீவ வேண்டும் என்பதும் கைப்பேசி பிடிக்கும் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அம்மா ஒரு மரத்தில் செய்து காட்டினால் நடிக்கிற பெண்ணின் கை பொய் சொல்லாது. உங்கள் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனைதான் இருக்கிறதென்றால் அதற்கேற்ப மாற்றுங்கள். பாதி பொறுக்கிய உதிரிப் பழமும் தனியே நிற்கும் தள்ளுவண்டியும் அதே கேள்வியைக் கேட்கும்.

பணமில்லையே, கருவியில்லையே என்று தயங்க வேண்டாம். 1975இல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஜாஸ்' படத்தில், கடலில் எந்திரச் சுறா அடிக்கடி பழுதுபட்டது. படத்தின் பெரும்பகுதியில் சுறாவை மறைத்தே வைத்தார்கள். முதற்காட்சியில் இரவில் நீந்தும் பெண்ணைக் கீழிருந்து எதுவோ இழுக்கிறது. எது என்று காட்டவில்லை. கண்ணுக்குப் பட்டிருந்தால் அச்சம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இனி ஒளி. நள்ளிருட்டில் கைப்பேசி எடுக்கும் படம் புள்ளி புள்ளியாகக் கலங்கிப் போகும். பொழுது புலருமுன்னும் சாய்ந்த பின்னும் வரும் நீல வெளிச்சத்தில் எடுங்கள். படத்தில் அது இரவாகவே தோன்றும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த வெளிச்சம் ஏறத்தாழ 20 நிமிடந்தான் நிற்கும். ஆகவே பகலிலேயே யார் எங்கே நிற்பது, எத்தனை அடி நடப்பது என்று ஒத்திகை பார்த்து, தரையில் குச்சி நட்டுவிடுங்கள். ஐந்து துண்டையும் ஒரே மாலையில் முடிக்க நினைத்தால் ஒன்றும் உருப்படாது. மூன்று மாலை வேண்டும். நெற்றி விளக்கு எதிரே வரும்போது கைப்பேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். அதைப் பூட்டி வைக்கும் வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் உண்டு.

ஒலியைப் பற்றி வானொலிக்காரன் நான் சொல்லாமல் விடலாமா? இந்தக் காட்சியில் முதுகெலும்பு ஒலிதான். பூச்சிகளின் இரைச்சலைத் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். காட்சி முழுவதும் அது ஓடட்டும். அவள் திரும்பும் நொடியில் சட்டென்று நிறுத்துங்கள். அந்த அமைதியில் பால் சொட்டும் ஒலி மட்டும் கேட்கட்டும். உண்மையில் அது காதில் விழாத அளவுக்கு மெல்லியது. வீட்டில் ஒரு குவளை நீரில் சொட்டுவிட்டுப் பதிவு செய்து சேர்த்துக்கொள்ளலாம். பயமுறுத்தும் இசையை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பிறருடைய இசையை அனுமதியின்றிச் சேர்த்த படத்தைப் போட்டிகள் தள்ளிவிடவும் கூடும்.

இவ்வளவையும் தாளில் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஓவியம் வராவிட்டால் குச்சி மனிதர்கள் போதும். கட்டத்துக்குக் கீழே விநாடி, ஒலி, பேச்சு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு தோட்ட நிர்வாகியிடம் சென்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். வெறுங்கையோடு போவதைவிட அது மரியாதை. அனுமதி கிடைத்தாலும் பெரியவர் ஒருவர் இல்லாமல் இருட்டில் காட்டுக்குள் போகக் கூடாது. பாம்புக்கும் கால்வாய்க்கும் இது படப்பிடிப்பு என்று தெரியாது.

எடுத்து முடித்ததும், கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருந்தால் மிக நல்லது. பார்த்து முடித்து, "நல்லா இருக்குப்பா" என்று எழுந்து போய்விட்டால், மறுபடி தாளை எடுக்க வேண்டியதுதான். "ஐயோ, அந்தப் புள்ள எங்கடா போச்சு?" என்று கேட்டால், மூன்றாவது நிமிடத்தை எழுதத் தொடங்கலாம்.