கயிறு யாருக்குத் தேவைப்படுது?

இன்னைக்கு நெல்லைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல பையன்கள் கையில கட்டுற கலர் கயிறு பத்திப் பேசலாம். ஆனா தொடங்கப்போறது ஒரு கிராமத்துல.

டயான் மைன்ஸ்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர். 1980களின் கடைசியில தாமிரபரணிக் கரையில ஒரு ஊர்ல தங்கி ஆய்வு செஞ்சவங்க. 2005-ல வந்த அவங்க புத்தகத்துல அந்த ஊர் பேரு யானைமங்கலம். யார் வீடு எந்தத் தெருவுல, எந்தச் சாமி ஊருக்குள்ள, எது வயக்காட்டுல, கோவில்ல முதல் மரியாதை யாருக்கு, இதையெல்லாம் பொறுமையா எழுதியிருக்காங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தர்கிட்ட "நீங்க என்ன ஆளுக?"ன்னு கேட்கவே வேண்டாம். தெருவே சொல்லிடும்.

பள்ளிக்கூடத்துல தெரு கிடையாதே! சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே யூனிஃபார்ம்ல, ஒரே பெஞ்சுல. யார் யாருன்னு தெரியாது. அந்த இடத்துலதான் கயிறு வருது. அதனால இதைப் பழைய வழக்கத்தோட மிச்சம்னு நான் நினைக்கல. பிள்ளைகள் கலக்க ஆரம்பிச்சதாலதான் இது தேவைப்பட்டிருக்கு.

இன்னொண்ணு, கயிறு அடுத்தவனை மட்டும் மிரட்டுறதில்ல. "ஏலே, நீ ஏன் கட்டல?"ன்னு சொந்தச் சாதிப் பையனையும் கேட்கும். சமூகக் கட்டுப்பாடுன்னு புத்தகத்துல படிக்கிறோமே, அது பாதி இந்தக் கேள்விதான்.

2019-ல பள்ளிக்கல்வித் துறை கயிறைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பிச்சது. அமைச்சரே அதுலேர்ந்து பின்வாங்கிட்டார். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருத்தரைக் கூடப் படிச்ச பையன்களே வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. பள்ளியில தனக்கு நடந்த தொந்தரவை அவர் வெளியே சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயர்ல சாதி கூடாதுங்கிற பரிந்துரைகளைத்தான் டிவியில விவாதிச்சாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு: ஒரு பகுதியில ஆதிக்கமா இருக்கிற சாதியைச் சேர்ந்தவங்களை அங்கேயே தலைமையாசிரியராவோ கல்வி அதிகாரியாவோ போடக் கூடாதுங்கிறது. புகார் சொல்ல வர்ற பையன், கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி உள்ள யார் உட்கார்ந்திருக்காங்கன்னுதான் முதல்ல யோசிப்பான்.