கோஜிப் பழமும் கண்ணும்

கல்லீரல் நலமாயிருந்தால் கண் தெளியும் என்பது சீன மருத்துவத்தின் பழைய கொள்கை. அதனால் அங்கே கண் மங்கினால் சாமந்திப்பூவோடு சிவந்த கோஜிப் பழத்தையும் வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். இது வெறும் நம்பிக்கை இல்லை. அந்தப் பழத்தில் சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி மிகுதி. நம் விழித்திரையின் நடுப்பகுதியைக் கடும் ஒளியிலிருந்து காப்பதும் அதே நிறமிதான். 2021இல் வெளிவந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், வாரத்துக்கு ஐந்து முறை 28 கிராம் வீதம் 90 நாள் தின்றவர்களுக்கு அந்த நிறமி கூடியது.

ஆய்வில் பங்கேற்றவர்கள் 27 பேர்தான், அவர்கள் நோயாளிகளும் அல்லர் என்று மறுப்பார்கள். சரியான மறுப்புதான், நிறமி கூடுவது வேறு, நோய் தீர்வது வேறு. ஆனால் அது பெரிய ஆய்வு கேட்பதற்குக் காரணம், பழத்தை ஒதுக்குவதற்கு அல்ல. பழத்தை நம்பிக் கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.